நகல் செய்வது குற்றமா?

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் ஒருநாள் காலை வேளையில் நின்று பாருங்கள். சாலையில் நடக்கும் மனிதரைவிட ஓடும் கம்பெனிப் பேருந்துகளே மிகுதியாக இருக்கும். ஒவ்வொரு பேருந்திலும் ஒரே நிறச் சீருடை அணிந்த இளைஞர்களும் இளம்பெண்களும் தூக்கக் கலக்கத்தோடு கண்ணாடியில் தலை சாய்த்திருப்பர். அவர்களுள் நம் கல்லூரியில் படித்துச் சென்ற அண்ணன்மாரும் அக்காமாரும் உண்டு. காரும், டயரும், கைப்பேசியும், மோட்டார் சைக்கிளும் இச்சாலையின் இருமருங்கிலும் உருவாகின்றன. ஒரு பொருள் எப்படியோ அப்படியே ஆயிரமாவது பொருளும் இருக்க வேண்டும் என்பதே இங்குள்ள ஆலைகளின் விதி. ஒரு மயிரிழை மாறினாலும் அது கழிவுக்குப் போய்விடும்.

இதே சாலைக்குச் சில கல் தொலைவில், சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், ஓட்டுவீட்டுத் திண்ணையில் அமர்ந்து என் பெரியப்பா இதற்கு நேர்மாறான வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். புதுப்பொருளைப் பழம்பொருளாக்கும் வேலை! அந்த வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் எழுந்த ஒரு வழக்கைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். தீர்ப்பை நானே சொல்லிவிடப் போகிறேன். ஆயினும் பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் மாற்றுக் கருத்து உடையவராயின், அடுத்த ஆண்டு மலரில் எழுதட்டும், மகிழ்வேன்.

வட்டத் தோலும் அணில்முடித் தூரிகையும்

பெரியப்பா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். கடைப் பலகை, லாரியின் பின்பலகை, பள்ளிக்கூடச் சுவர், தேர்தல் சின்னம், திருமண வரவேற்பு வளைவு என்று முப்பது ஆண்டுகள் எழுதியவர். சுண்ணாம்புக் கயிற்றைத் தட்டிக் கோடு போட்டு, அளவுகோல் இல்லாமலே எழுத்துக்களை நிரவி வைக்கும் கை அவருடையது. பிளெக்ஸ் அச்சு வந்தது. ஒரு நாளில் எழுத வேண்டிய பலகை ஒரு மணி நேரத்தில் அச்சாகித் தொங்கியது. ஓவியரின் கடை மூடியது. அதன்பின் ஏழாண்டுகள் ஒரு கம்பெனியின் வாசலில் இரவுக் காவலராக நின்றார். தூரிகை பிடித்த கை டார்ச் விளக்குப் பிடித்தது.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒருவர் ஒரு பை நிறையத் தோல் வட்டங்களைக் கொண்டுவந்தார். தோல் ஏற்றுமதி செய்வோரிடம் வேலை வாங்கி, வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர் அவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படையினர் அணிந்த தோல் ஜாக்கெட்டைப் போல் இக்காலத்தில் நகல் ஜாக்கெட்டுகள் தைக்கிறார்கள். அதன் மார்பில் தைக்கும் வட்டச் சின்னத்தை, அச்சில் அல்லாமல், பழைய முறைப்படி கையால் வரைய ஆள் வேண்டும் என்றார். தொழிலில் அதற்குப் பேட்ச் என்று பெயர். ‘ஜாக்கெட்டுக்குப் படம் போடுகிறார்’ என்று யாரோ சொல்லப்போக, பெரியம்மா இரவிக்கை என்று எண்ணிக் கொண்டு முதல் நாள் முழுதும் பேசாதிருந்தது தனிக்கதை.

வரைவது பாதி வேலைதான். மறுபாதி, வரைந்ததை முதுமையடையச் செய்வது. முதலில் தோலின் மேலுள்ள பளபளப்பை அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடுகிறார். இல்லாவிட்டால் வண்ணம் ஒட்டாது, உரிந்து வரும். பின்னர் மெல்லிய அடிப்பூச்சு. அதன்மேல் ஒவ்வொரு நிறமாக வரைகிறார். காய்ந்தபின், தோலை உள்ளங்கையில் வைத்து மடக்கி மடக்கி விரிக்கிறார். வண்ணத்தில் நூலிழை போன்ற வெடிப்புகள் விழுகின்றன. அந்த வெடிப்புகளுக்குள் கரும்பழுப்பு மெழுகைத் தேய்த்துத் துடைக்கிறார். ஓரங்களை நைந்த உப்புத்தாளால் தேய்க்கிறார். தையல் நூலைத் தேயிலைச் சாற்றில் ஊறவைத்து மங்கச் செய்கிறார். பிறகு சில நாள் வெயில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லாரிப் பலகை எழுதும்போது அடிக்கோட்டு நன்றாகக் காய்வதற்கு முன் மேல்கோட்டு அடித்தால் எனாமல் வெடித்துவிடும். அவ்வாறு வெடிக்கக்கூடாது என்பதற்காகவே அவர் முப்பது ஆண்டுகள் பொறுமை காத்தவர். இன்று அதே குற்றத்தை வேண்டுமென்றே செய்து கூலி வாங்குகிறார். “வாழ்நாளெல்லாம் எதைத் தப்புன்னு நெனச்சனோ, அதுக்குத்தாண்டா இப்ப காசு தர்றான்” என்று சிரிப்பார்.

தோலைப் பற்றியும் ஒரு சொல். நம் தமிழகத்தில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவது நெடுங்கால மரபு. ஆவாரையில் பதமிட்ட தோல் வெளிச்சம் பட்டால் நாளடைவில் சிவக்கும். அதைத் தடுக்கவே இறுதியில் கடுக்காய் நீரில் இடுவர். வண்ணம் பூசுகிறவருக்கு அந்தச் சிவப்பே வரம். வெயிலே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. குரோமியம் உப்பில் பதமிட்ட தோல் அவ்வளவு எளிதில் நிறம் மாறாது. சென்னைக்கு அருகிலுள்ள குரோம்பேட்டை என்ற ஊரின் பெயரே அந்த முறையில் தோல் பதமிட்ட ஆலையால் வந்ததுதான். 1948-ல் அடையாற்றில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும், நம் பகுதியிலேயே இருங்காட்டுக்கோட்டைச் சிப்காட்டில் உள்ள காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகமும் இந்தத் தோல் அறிவின் இன்றைய வாரிசுகள். ஆகவே பெரியப்பாவின் திண்ணை வேலை எங்கிருந்தோ வானத்திலிருந்து குதித்ததன்று. இம்மண்ணில் தோலும் உண்டு, தூரிகையும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைக்க ஓர் அயல்நாட்டு ஆசை வந்தது, அவ்வளவே.

அந்தச் சின்னங்களின் கதை

அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு 1931-ல் ஏ-2 என்ற தோல் ஜாக்கெட்டைத் தன் விமானிகளுக்கு உரியதாக ஏற்றது. பெரும்பாலும் குதிரைத் தோல்; கரும்பழுப்பு நிறம். 1943-ல் அதை வாங்குவதை நிறுத்திவிட்டுத் துணி ஜாக்கெட்டுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் கையில் இருந்ததை விமானிகள் விட்டார்களில்லை. மார்பில் தம் படைப்பிரிவின் சின்னத்தைத் தைத்துக் கொண்டனர். முதுகில் தம் விமானத்தின் பெயரையும், சென்று வந்த தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு வீதமும் வரையச் செய்தனர். வரைந்தவர் யார்? படையில் சேருமுன் பெயர்ப்பலகை எழுதிக் கொண்டிருந்த சிப்பாய். அல்லது முகாமுக்கு அருகில் இருந்த ஊர்க்கைவினைஞர். ஆம், அவர்களும் பெரியப்பாவைப் போன்றவர்களே!

இனி நாம் கவனிக்க வேண்டிய செய்தி. சீனா, பர்மா, இந்தியா ஆகிய மூன்றையும் சேர்த்து அமெரிக்கர் ஒரே போர்முனையாக வைத்திருந்தனர். 1944 அக்டோபரில்தான் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அம்முனையில் இருந்தோர் அணிந்த தோள்சின்னத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டைகளுக்கு மேலே, நீல நிறத்தில், சீனத்தின் சூரியனும் இந்தியாவின் விண்மீனும் இருக்கும். அச்சின்னங்களுள் ஏராளமானவை இந்தியாவிலேயே, இந்தியக் கைவினைஞரால், தோலிலும் சரிகையிலும் செய்யப்பட்டவை. பழம்பொருள் சேர்ப்போர் இன்றும் அவற்றைத் தனி வகையாகப் பிரித்து, விரும்பித் தேடி வாங்குகின்றனர். அவற்றைச் செய்த கைகளின் பெயர் ஒன்றேனும் எவரும் அறியார். சிப்பாய்க்குப் பதக்கம் கிடைத்தது. சேகரிப்போர்க்குப் பெருமை கிடைத்தது. தைத்தவர்க்கு அன்றைய கூலி கிடைத்தது, அதோடு சரி.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. ‘அசல்’ என்று இன்று கண்ணாடிப் பேழையில் வைக்கும் பொருளும் ஒரு காலத்தில் கடைத்தெருவில் கூலிக்குச் செய்த புதுப்பொருள்தான். அசலுக்கும் நகலுக்கும் உள்ள வேற்றுமை கையில் இல்லை, வேலைப்பாட்டிலும் இல்லை. அசலை ஒருவன் அணிந்துகொண்டு சாவை நோக்கிப் பறந்தான். நகலை அவ்வாறு எவரும் அணியவில்லை. வேற்றுமை அதுவே. இங்கிலாந்திலிருந்து பறந்த எட்டாவது விமானப் படையில் மட்டும் 26,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதுகில் வரைந்த குண்டுகளின் வரிசை பாதியில் நின்றுபோனால் அதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

போருக்கும் நம் பகுதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயத் தடத்தை அறிவீர்கள். அதற்கு முன் சென்னையின் மோட்டார் பந்தயங்கள் சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன. போர்க்காலம் விட்டுச் சென்ற ஓடுதளம் பந்தயத்துக்குப் பயன்பட்டது; பந்தயம் அங்கிருந்து நம் பகுதிக்கு வந்தது. நாம் நினைப்பதைவிட அந்தப் போர் நமக்கு அருகில் நடந்தது.

வீட்டில் எழுந்த வழக்கு

பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம். பெயர்ப்பலகை எழுதிய காலத்தில் மூலையில் சிறியதாகத் தம் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் எழுதுவார். பேட்ச் வரையத் தொடங்கியபோதும், அதன் பின்புறத்தில் ‘நகல்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும், தம் முதலெழுத்தையும், ஆண்டையும் சூடான கம்பியால் பொறித்து வந்தார். யாரும் சொல்லித் தரவில்லை. தானே செய்தது.

சென்ற ஆண்டு, வேலை கொண்டுவருபவர் வந்தார். திண்ணையில் அமர்ந்து காப்பி குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, வேலை பிரமாதம். ஆனா பின்னால போடறீங்களே, அது மட்டும் வேணாம். அது இல்லாமக் குடுத்தா ஒண்ணுக்கு நானூறு தர்றேன்.”

அதுவரை கிடைத்த கூலி 150 ரூபாய். ஒரு குறியை விட்டுவிட்டால் 400! பெரியப்பா உடனே பதில் சொல்லவில்லை. “யோசிச்சுச் சொல்றேன் தம்பி” என்றார். அன்றிரவு என்னைக் கூப்பிட்டார்.

“நீ படிக்கிற பையன். சொல்லு. அந்த எழுத்து இல்லன்னா யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

இங்கே நான் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லவேண்டும். என் பேருந்துச் செலவும், புத்தகமும், விடுதிச் சாப்பாட்டுக் கட்டணமும் அந்தத் திண்ணைக் கூலியிலிருந்து வருபவை. அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பாதான் எல்லாம். என் மனம் விரைவாகக் கணக்குப் போட்டது. “விட்டுடுங்க பெரியப்பா. வாங்கறவன் பாத்து வாங்கட்டும். நாம யாரையும் ஏமாத்தலையே, வரைஞ்சுதானே குடுக்கறோம்” என்றேன். வரலாறு படிக்கும் மாணவன் சொன்ன விடை அது!

பெரியப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். “அப்ப ரெண்டரை மடங்கு காசு எதுக்குடா தர்றான்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. வேலை அதேதான், வண்ணம் அதேதான், உழைக்கும் நேரமும் அதேதான். கூடுதலாகக் கொடுக்கும் 250 ரூபாய் எதற்கு விலை? அது பெரியப்பா வரைந்ததற்கு அன்று. அவர் வாய் மூடியிருப்பதற்கு!

சிவபுரம் சொல்லும் பாடம்

அடுத்த வாரம் வகுப்பில் சிலைத் திருட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் பேராசிரியர் சிவபுரம் நடராசரைப் பற்றிக் கூறினார். பலரும் அறிந்த செய்திதான். எனினும் அன்று எனக்கு அது வேறுவிதமாகக் கேட்டது.

தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த சிவபுரத்தில் 1951-ல் மண்ணுக்கு அடியிலிருந்து சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று நடராசர். ஐம்பதுகளில் அச்சிலைகளைப் பழுது பார்க்க அனுப்பினர். திரும்பி வந்தது அசல் அன்று. அதைப் போலவே வார்த்த நகல். கோயிலில் நகலுக்குப் பூசை நடந்துகொண்டிருக்க, அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற பெருஞ்செல்வரின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. இந்திய அரசு வழக்காடி, உடன்பாடு கண்டு, 1986-ல்தான் நடராசர் நாடு திரும்பினார்.

இதில் குற்றவாளி யார்? நகல் வார்த்த கலையா? இல்லை. சுவாமிமலையில் இன்றும் சோழர் காலத் திருமேனிகளின் அளவில், அதே மெழுகு வார்ப்பு முறையில், ஸ்தபதிகள் சிலை செய்கின்றனர். அவற்றைப் பூம்புகார் விற்பனை நிலையத்தில் விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக் கொள்கிறோம். யாரும் அதைக் களவு என்று சொல்வதில்லை. சிவபுரத்தில் நடந்த குற்றம், நகலை ‘நகல்’ என்று சொல்லாதது. ஒரே உளி, ஒரே மெழுகு, ஒரே செம்பு; ஒன்று கலை, மற்றொன்று களவு. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு சொல். அந்த ஒரு சொல்லைத்தான் பெரியப்பாவிடம் விலைக்குக் கேட்டார்கள்.

பேட்ச் எங்கே, நடராசர் எங்கே என்று நகைக்க வேண்டா. பொருள் சிறிது, நெறி ஒன்றே.

எதிர்வாதங்கள்

இக்கட்டுரையை எழுதுமுன் விடுதி நண்பர்களோடு வாதிட்டேன். அவர்கள் கூறிய மறுப்புகளையும் இங்கே தருவது முறை.

முதல் மறுப்பு: “பழசாக்குவதே பொய்தானே? பின்னால் குறி போட்டால் மட்டும் மெய்யாகிவிடுமா?” ஆகாது என்பது சரியன்று. நாடக மேடையில் இருபது வயது மாணவன் தாடி ஒட்டிக் கொண்டு கிழவராக வருகிறான். நாம் கைதட்டுகிறோம். ஏமாந்தா கைதட்டுகிறோம்? அவன் யார் என்று அறிந்தே கைதட்டுகிறோம். அதே மாணவன் அதே தாடியோடு தாலுகா அலுவலகத்தில் போய் முதியோர் ஓய்வூதியம் கேட்டால்? வேடம் அதேதான், செயல் வேறாகிவிடுகிறது. வெளுத்த ஜீன்ஸ் அணியும் நம் நண்பர்கள் பத்தாண்டு உழைத்து அதை வெளுக்க வைத்ததாக யாரும் எண்ணுவதில்லை. பார்வைக்குப் பழமை வேண்டுமென்று விரும்புவது ஒரு சுவை. அந்தப் பழமையைக் காட்டிக் கூடுதல் விலை கறப்பது வஞ்சகம்.

இரண்டாம் மறுப்பு: “அறிந்தவன் ஏமாற மாட்டான், அறியாதவன் ஏமாந்தால் நாம் என்ன செய்வது?” அறிந்தவர் ஏமாறமாட்டார் என்பது ஓரளவு உண்மை. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் இக்காலச் செயற்கை நூல்களும் வெண்மையூட்டி கலந்த துணிகளும் பளிச்சென ஒளிரும். போர்க்காலப் பருத்தி நூல் அவ்வாறு ஒளிராது. நூலின் நுனியைத் தீயில் காட்டினால் பருத்தி சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். இவை தெரிந்தவர் பிழைத்துக் கொள்வார். ஆனால் வாங்குவோர் எல்லாரும் வல்லுநர் அல்லர். தம் பாட்டனார் போரில் மாண்ட பிரிவின் சின்னம் என்று உருகி வாங்கும் ஒரு பேரப்பிள்ளையும் அவர்களுள் இருக்கலாம். அறியாதவனை ஏமாற்றுவது பாவமன்று என்றால், நியாய விலைக் கடையில் எடை குறைத்துப் போடுபவன்மீது நாம் ஏன் சினம் கொள்கிறோம்?

மூன்றாம் மறுப்பு சற்று வலுவானது: “அயலானின் போர், அயலானின் பெருமை. குண்டு வீசியதைக் கொண்டாடும் படத்தை நம் ஊர் ஏழை ஏன் வரைய வேண்டும்?” இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். தலைமேல் குண்டு விழுந்தவரின் கணக்கு எந்த ஜாக்கெட்டிலும் இல்லை. ஆனால் பிழைப்புக்கு வழி தேடும் ஓவியரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதைவிட, அவர் கையில் தமிழ்ப் பெயர்ப்பலகை இருந்தபோது அதை நாம் ஏன் பிடுங்கினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நன்று. நம் கல்லூரி ஆண்டு விழாவின் வரவேற்புப் பலகையும் பிளெக்ஸ்தானே!

ஆலையும் கற்றுத் தருகிறது

நேர்மையாக நகல் செய்தால் விற்காது என்பது வேலை கொண்டுவந்தவரின் வாதம். அதற்கு விடையும் நம் பகுதியிலேயே இருக்கிறது.

ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் கதையே இராணுவத்தோடு பிணைந்தது. ஐம்பதுகளில் இந்தியப் படைக்குப் புல்லட் வண்டி வேண்டியிருந்தது. 1955-ல் திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. பின்னர் ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் ஆலைகள் பரவின. புல்லட் வண்டியின் பெட்ரோல் டாங்கில் ஓடும் பொன்னிறக் கோட்டை நெடுங்காலமாகக் கையாலேயே, அச்சோ அளவுகோலோ இன்றி, ஒரே இழுப்பில் வரைந்து வருகிறார்கள். ஒரு குடும்பத்துச் சகோதரர்கள் தந்தை வழியில் கற்ற தொழில் அது. இயந்திரங்களுக்கு நடுவே இன்னும் ஒரு தூரிகை பிழைத்திருக்கிறது!

அதே நிறுவனம் 2018-ல் பெகாசஸ் என்றொரு வண்டியை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் மூலம் இறக்கப்பட்ட 125 சி.சி. சிறு வண்டியின் நினைவாக உருவானது. பிரிட்டிஷ் பாராசூட் படையின் சிறகுக் குதிரைச் சின்னத்தைத் தாங்கியது. உலகம் முழுவதற்கும் 1000 வண்டிகள், இந்தியாவுக்கு 250. ஒவ்வொரு டாங்கிலும் தனி வரிசை எண். வெளிநாடுகளில் பச்சை, பழுப்பு என்று இரு நிறங்கள்; இராணுவப் பச்சை இந்தியாவில் படைகளுக்கே உரியது என்பதால் இங்கே பழுப்பு மட்டும். ‘இது நினைவுப்பொருள்; பழைய வண்டியன்று’ என்று அறிந்தே மக்கள் முண்டியடித்து வாங்கினர். மறைக்காமல் சொன்னதால் விலை குறையவில்லை. வரிசை எண்ணே அதற்கு மதிப்பைக் கூட்டியது.

அமெரிக்காவில் 1973-ல் ஒரு சட்டம் செய்தார்கள். பழைய நாணயத்தைப் போல் நகல் செய்தால், அதன்மேல் ‘காப்பி’ என்ற சொல் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். நாணயத்துக்கு உண்டு, போர்ச்சின்னத்துக்கு அச்சட்டத்தில் இடமில்லை. நம் நாட்டில், படைவீரர் அல்லாதவர் தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்பும்படி அவர்களுடைய உடையையோ சின்னத்தையோ அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள்: அணிவது மட்டுமே குற்றமன்று, நம்பவைக்கும் நோக்கமே குற்றத்தின் உயிர். சட்டம் செய்தோரும் பெரியப்பாவும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

என் கருத்து

நகல் செய்வது குற்றமன்று. பழமைபோல் தோன்றச் செய்வதும் குற்றமன்று. மறைத்து விற்பதும், மறைக்கச் சொல்லி ஏழைக் கைவினைஞனின் கூலியைத் தூண்டிலாக்குவதும் குற்றம். இத்தொழில் செய்வோர்க்கும் செய்விப்போர்க்கும் மூன்று விதிகள் போதும் என்று எண்ணுகிறேன்.

ஒன்று: ஒவ்வொரு பேட்சின் பின்புறத்திலும், தைத்தால் மறையும் ஓரத்தில் அல்லாமல் நடுவில், நகல் என்ற சொல்லும் செய்த ஆண்டும் தோலுக்குள் பதியுமாறு பொறிக்கப்பட வேண்டும். மையால் எழுதினால் துடைத்துவிடுவார்கள்.

இரண்டு: படைப்பிரிவின் சின்னத்தை வரையலாம்; உண்மையில் வாழ்ந்து மாண்ட வீரர் ஒருவரின் பெயரை வரையக்கூடாது. செத்தவர் வந்து மறுக்கமாட்டார் என்பதற்காக அவர் பெயரை விற்பது இழிவு.

மூன்று: செய்தவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். போர்க்காலத்தில் சின்னம் தைத்த இந்தியக் கைகள் பெயரின்றி மறைந்தன. அந்தத் தவற்றை மறுபடி செய்ய வேண்டா. குறி என்பது வாங்குவோர்க்குத் தரும் எச்சரிக்கை மட்டுமன்று. செய்தவரின் கையெழுத்தும் ஆகும். பெயர் போடாமல் பழம்பொருள் என்று விற்கும்போது ஏமாறுபவர் இருவர். வாங்குபவர் பணத்தை இழக்கிறார். வரைந்தவர் தம்மையே இழக்கிறார்.

இவற்றோடு நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். இருங்காட்டுக்கோட்டையில் தோல் வடிவமைப்புப் படிப்போரும், திண்ணையில் தோலில் வரைவோரும் சில கல் தொலைவில் வாழ்ந்தும் ஒருவரை ஒருவர் அறியார். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றில் நம் வட்டாரத்துப் பழைய பெயர்ப்பலகை ஓவியர் யார் யார் என்று நாம் கணக்கெடுக்கலாம். அவர்களை ஒரு நாள் அழைத்துக் கல்லூரி வாசலில் தமிழில் ஒரு பலகை எழுதச் சொல்லலாம். அதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. இரண்டு டப்பா எனாமலும் ஒரு நாள் கூலியும் போதும்.

வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். வகுப்பு முடிந்த அன்று மாலை ஊருக்குப் போய், “பெரியப்பா, நான் சொன்னது தப்பு” என்றேன். அவர் தலை நிமிராமல், “தெரியும்டா. அன்னைக்கே அவனுக்குச் சொல்லி அனுப்பிட்டேன்” என்றார். நான் திருந்தும் வரை அவர் காத்திருக்கவில்லை!

அதன்பின் வேலை குறைந்தது. மாதத்துக்கு எழுபது எண்பது பேட்ச் வந்தது போய், இப்போது முப்பது வந்தால் பெரிது. விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்துக்காக நான் சனி, ஞாயிறுகளில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போகிறேன். நேர்மைக்கு விலை உண்டு என்பதை ஏட்டில் படிப்பது எளிது. பெட்டி தூக்கும்போதுதான் அதன் எடை தெரிகிறது. ஆனால் ஒன்று சொல்வேன்: அந்த எடை என் முதுகை வளைத்தாலும் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாதபடி என் தலையைக் குனிய வைக்கவில்லை.

போன வாரம் அவர் ஒரு பேட்சை முடித்து வெயிலில் வைத்தார். பாயும் புலி ஒன்று. வண்ணம் வெடித்து, ஓரம் நைந்து, எண்பது ஆண்டு பழையதுபோல் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். நடுவில், சூட்டுக்கோலின் கரிய எழுத்தில், நகல் என்ற சொல், அவருடைய முதலெழுத்து, இந்த ஆண்டு. அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பின்புறம்தான்.